பதினான்கு ட்ரூ

கம்பம்மெட்டில் சோதனைச்சாவடி தாண்டி
பேக்கரி மாடியில் என் அலுவலகம்.
நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால்
அலைபேசி மாநிலம் மாறுகிறது.
வரவேற்கிறது, நாளைக்குப் பத்துமுறை,
நான் எங்கும் போகாமலே.

சனிக்கிழமை மதியம் பென்டிரைவ் வரும்.
பதினான்கு ஏலத்தோட்டம், பதினான்கு எக்செல்.
மேலே சிக்னல் இல்லை.
பேபிச்சன் பென்டிரைவிலேயே தட்டி
பென்டிரைவிலேயே கொடுத்தனுப்புவார்.
அவர் வைக்கும் பெயர்கள்:
'கூலி புதுசு'
'கூலி புதுசு 2'
'அச்சாயன் பார்த்தது'
'இதுதான் சரி'
'இதுதான் சரி, மற்றதை அழிக்கவும்'.
ஒன்று மட்டும் 'புக்1', பிறந்தபடியே.

எதையும் திறக்க வேண்டாம்.
ஆர் நிரலுக்குள் உட்கார்ந்தபடி
நகலெடுக்க ஒரு வரி,
பெயர் மாற்ற ஒரு வரி.
நகலில், பழையது இருந்த இடத்தில் இருக்கும்.
பெயர்மாற்றத்தில் பழையது என்று ஒன்று கிடையாது.
நாலு மணிக்குப் பட்டுவாடா.
முதல் வரியை விட்டுவிட்டேன்.

ஷீட்டின் தலையில் உள்ள தோட்டப் பெயரில்
முதல் எட்டு எழுத்து, கீழ்க்கோடு, வாரம் முப்பத்தாறு.
எண்டர்.

ட்ரூ ட்ரூ ட்ரூ ட்ரூ ட்ரூ
ட்ரூ ட்ரூ ட்ரூ ட்ரூ ட்ரூ
ட்ரூ ட்ரூ ட்ரூ ட்ரூ

டீயில் ஆடை கட்டும் முன் எண்ணினேன்.
பதின்மூன்று கோப்பு.

நிரல் பொய் சொல்லவில்லை.
வெள்ளப்பாறை மேல் டிவிஷன்,
வெள்ளப்பாறை கீழ் டிவிஷன்.
எட்டாம் எழுத்தில் வெட்டியதும்
இரண்டும் ஒரே ஆள்.
கீழ் வந்து மேலின் மடியில் உட்கார்ந்தது.
மேல் இல்லை.
இருபத்தொரு பெண்களின் ஆறு நாள் இல்லை.
அதற்கும் ஒரு ட்ரூ.

பட்டுவாடாவைத் திங்களுக்குத் தள்ளச் சொன்னேன்.
காரணம் சொல்லவில்லை.
ஜீப் ஓட்டும் ஒச்சப்பனிடம் மட்டும் சொன்னேன்.
அவர் சீட்டுக்கடியில் கைவிட்டு
போன வருடத்து டைரி ஒன்றை எடுத்தார்.
கோம்பையில் யார் ஏறினார்கள்,
மெட்டில் யார் இறங்கினார்கள், வாடகை பாக்கி.
பெயர்கள் இல்லை:
பெரிய தூக்குச்சட்டி
வெத்தலை
முன்சீட்டு
பேசாதவ
ஜக்கம்மா மருமக
மருமகளோட மருமக.
பேபிச்சனின் ஷீட்டில் இவர்களே
செல்வி ஒன்று, செல்வி இரண்டு, செல்வி மூன்று.

ஞாயிறு முழுக்க போன் போட்டோம்.
அவர் டைரியைப் படிப்பார், நான் கட்டம் கட்டமாய் நிரப்புவேன்.
'செவ்வாய் எத்தனை கிலோ?'
யாரும் யோசிக்கவில்லை.
'பதினாலரை. அரையை எடைக்காரன் விட்டுட்டான்.'
'பன்னெண்டரை. அட்டை கடிச்ச அன்னைக்கு.'
'புதன் மழை. ஒம்பதே முக்கால்,
நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.'
பேசாதவள்தான் அதிகம் பேசினாள்,
பழைய மூன்று வாரத்தையும் சேர்த்து.
அவள் பெயர் காமுத்தாய்.

பேபிச்சனின் ஷீட்டில் ஒருநாளும் அரை இருந்ததில்லை.
எல்லாம் முழு எண். சுத்தமான நெடுவரிசை.
சராசரி எடுக்க இதமாயிருக்கும்,
இரண்டு வருடமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி கூட்டினேன்.
அரையும் முக்காலும் சேர்ந்து
அந்த ஒரு டிவிஷனில் மட்டும் நாற்பத்தேழு கிலோ.
'தப்பாப் போட்டியா?' என்றார் ஒச்சப்பன்.
மறுபடி கூட்டினேன்.
நாற்பத்தேழு.

கீழே பேக்கரி ஷட்டரை இறக்கினார்கள்.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
எட்டு எழுத்தும் கீழ்க்கோடும் விரல்நுனியில் நின்றன.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டினேன்:
'இதுதான் சரி, மற்றதை அழிக்க வேண்டாம்'.
பிறகு நகல் வரியை
இரண்டு முறை ஓட்டினேன்.
முதல்முறை ட்ரூ.
இரண்டாம்முறை, அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறதென்று,
ஃபால்ஸ்.